காமிராவைத் தேர்தலும் படத்தைத் திருத்தலும்

நம் மாணாக்கருட் பலர்க்குப் படமெடுக்கும் விருப்பம் இந்நாளில் மிகுந்து வருகின்றது. ஓய்வு நாட்களிற் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பூண்டி நீர்த்தேக்கத்திற்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் செல்வோர் பலர். இவர்கள் முதலிற் கேட்கும் வினா, எக்காமிராவை வாங்குதல் நலம் என்பது. அதற்கு அடுத்த வினா, எடுத்த படத்தைக் கணிப்பொறியில் எங்ஙனம் திருத்துவது என்பது. இவ்விரண்டும் வெவ்வேறு வினாக்களாகத் தோன்றினும், உண்மையில் ஒரே வினாவின் இரு பகுதிகளேயாம். காமிரா ஒளியை வரவு வைக்கின்றது. திருத்தம் அவ்வரவைச் செலவிடுகின்றது. வரவில் இல்லாததைச் செலவிற் காட்டினால் அது பொய்க்கணக்கு ஆகும். இந்த ஒரு கருத்தை மனத்திற் கொண்டு, தொழிலுக்கன்றி விருப்பத்திற்காகப் படமெடுக்கும் தொடக்க நிலையினர்க்குப் பயன்படும் சில பாடங்களைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1997 ஆம் ஆண்டிற் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்ட திருவள்ளூர் மாவட்டம், இக்கலை பயில்வார்க்கு வாய்த்த நல்லதொரு பள்ளியென்றே கூறலாம். கிழக்கே பழவேற்காட்டு ஏரி உளது. இந்தியாவிற் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாகப் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. மழைக்காலம் கழிந்தபின் பூநாரைகள் இங்குக் கூட்டங் கூட்டமாக இரை தேரும். 1613 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டையின் அழிபாடும், அவர்தம் செதுக்குவேலை அமைந்த கல்லறைகளும் அவ்வூரிலேயே உள்ளன. மேற்கே 1944 இல் முடிந்த பூண்டி நீர்த்தேக்கம். வடக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் உருக்காலைகளும் புகைபோக்கிகளும். வெண்பறவையும் கரும்புகையும், நீர்ப்பரப்பும் உலைத்தீயும் ஒருநாட் செலவிற் காணக்கிடைக்கும் இடங்கள் மிகச் சிலவே.

முன்னோர் இருவர்

பாடத்திற்குப் புகுமுன், நம் நாட்டில் இக்கலையிற் சிறந்த இருவரை நினைவுகூர்தல் தகும்.

முதல்வர் லின்னேயஸ் டிரைப் என்பார். சென்னைப் படையில் அதிகாரியாயிருந்த இவர், விருப்பத்தினாற் படக்கலையைப் பயின்று, 1856 இற் சென்னை அரசாங்கத்தின் படமெடுப்பாளராக நியமிக்கப்பெற்றார். அக்காலத்து ஒளியுணர் பொருள்கள் நீல ஒளியை மிகுதியாகவும் பசுமையை மிகக் குறைவாகவும் ஏற்பவை. ஆதலின் வானம் வெறும் வெள்ளைத்தாளாகவும், மரங்கள் கரிய திட்டாகவும் பதிந்தன. டிரைப் தம் காகித நெகட்டிவ்களின்மீது வண்ணந் தீட்டி, மேகங்களையும் இலைகளையும் கையாலேயே வரைந்து சேர்த்தார். படத்திருத்தம் கணிப்பொறியோடு பிறந்ததன்று என்பதற்கு இது சான்று. அவரே 1858 இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்திலுள்ள கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். இன்று கைபேசி ஒரு நொடியிற் செய்யும் வேலையை அவர் கத்தியும் பசையுங் கொண்டு செய்தார்.

மற்றவர் மா. கிருஷ்ணன் (1912–1996). பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் புதல்வரும், இயற்கை நூல் வல்லாரும் ஆகிய இவர், நம் காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளைப் படங்களாகப் பதிவு செய்தவர். வெவ்வேறு கருவிகளின் பாகங்களைப் பொருத்தித் தாமே அமைத்துக்கொண்ட கனத்த காமிரா ஒன்றைக் கொண்டே பல்லாண்டு காலம் உழைத்தார். கடையிற் புதிதாக வந்த கருவி எது என்பது அவரது கவலையன்று. யானை எப்பொழுது எவ்வழியே நீருக்கு வரும் என்பதே அவரது கவலை. கருவி நாடுவோர் முதலிற் கற்கவேண்டிய பாடம் இதுவேயாம்.

காமிரா என்னும் பெட்டி

காமிரா எத்துணை விலையுயர்ந்ததாயினும், ஒளி புகும் ஒரு துவாரமும், அவ்வொளியைக் குவிக்கும் லென்ஸும், அதனை ஏற்கும் சென்சாரும் உடைய இருட்பெட்டியே. இவற்றுள் விளம்பரங்கள் பெரிதும் பேசுவது மெகாபிக்சல் கணக்கு. 24 மெகாபிக்சல் காமிராவின் படம் 6000 புள்ளி அகலமும் 4000 புள்ளி உயரமும் உடையது. 12 அங்குல அகலமும் 8 அங்குல உயரமும் உள்ள தாளில், அங்குலத்திற்கு 300 புள்ளியாக நன்கு அச்சிட 3600க்கு 2400, அதாவது 90 இலட்சத்திற்குங் குறைந்த புள்ளிகளே போதும். மேலும், மெகாபிக்சல் இரட்டித்தால் நுணுக்கமும் இரட்டிக்கும் என்று எண்ணுதல் தவறு. பரப்பு இருமடங்காகுங்கால் நீளம் 1.4 மடங்கே ஆகும் என்பது கணக்கறிந்தார் யாவரும் அறிந்ததே.

எண்ணிக்கையினும் சென்சாரின் பரப்பே கருதத்தக்கது. முழுச்சட்டக் காமிராவின் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர், பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். அதனிற் சிறிய ஏ.பி.எஸ்.-சி. என்னும் வகை ஏறத்தாழ 23.5க்கு 15.6, பரப்பு 367. பெரிய சென்சாருள்ள கைபேசிகளிலும் அப்பரப்பு ஏறத்தாழ 70 முதல் 120 வரையிலேயே அமையும். மழைநீரைப் பிடிக்க முற்றத்தில் வைக்கும் அண்டாவுக்கும் செம்புக்கும் உள்ள வேறுபாடே இது. அடைமழையிற் செம்பும் நிறையும். தூறலில் அண்டாவே பயன்படும். நண்பகல் வெயிலிற் கைபேசியும் நற்படம் தரும். அந்திக்குப்பின் ஏரிக்கரையிலும், ஆலையின் உள்ளிருளிலும், சிறிய சென்சார் பொரிப்பொரியாய்ப் புள்ளியிட்ட படத்தையே தரும்.

அடுத்தது லென்ஸ். இதற்குக் குவியத் தூரம், துவாரம் என இரண்டு அளவைகள் உண்டு. குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுக்க வருவதே எஃப் எண். 50 மில்லிமீட்டர் லென்ஸின் எஃப் எண் 1.8 ஆயின், துவாரம் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர். எண் 2 இலிருந்து 2.8 ஆனால் உட்புகும் ஒளி பாதியாகும். 4 ஆனால் மீண்டும் பாதியாகும். எண் சிறுத்தால் துவாரம் பெருகும் என்பதை மறத்தலாகாது.

பறவை நாடுவோர்க்கு ஒரு கணக்கு. 1.3 மீட்டர் உயரமுள்ள பூநாரை 100 மீட்டர் தொலைவில் நிற்கின்றது. நம்மிடம் உள்ளது 300 மில்லிமீட்டர் லென்ஸ். சென்சாரில் விழும் உருவின் உயரம் 3.9 மில்லிமீட்டரே. ஏ.பி.எஸ்.-சி. காமிராவில் அது சட்டத்தின் நாலில் ஒரு பங்கு. முழுச்சட்டக் காமிராவில் ஆறில் ஒரு பங்கே. இரண்டும் 24 மெகாபிக்சல் உடையனவாயின், பறவையின்மீது சிறிய சென்சாரில் ஏறத்தாழ 1000 புள்ளிகளும் பெரிய சென்சாரில் 650 புள்ளிகளும் விழும். பெரிய விலை எப்பொழுதும் பெரிய பயன் தருவதன்று. பறவையை வெருட்டாமற் படகோட்டியின் உதவியோடு 50 மீட்டர் தொலைவை அடைந்தால், அதே லென்ஸ் 600 மில்லிமீட்டர் லென்ஸின் வேலையைச் செய்யும். அன்றியும், வெயிலேறியபின் நீர்ப்பரப்பின்மேற் கானல் அலையும். அவ்வலைவினூடே எடுக்கும் படத்தை எந்த லென்ஸும் தெளிவாக்காது. விடியற்காலையில் எழுந்து செல்லுதலே அதற்கு மருந்து.

வாங்கும் முறை

பொருள் வரையறை உடைய மாணாக்கர் பின்வரும் வரிசையைக் கொள்வது நலம்.

முதலாவது, கையிலுள்ள கைபேசியைக் கொண்டே ஒரு திங்கள் படமெடுத்து, தமக்கு விருப்பம் எதில் என்று அறிக. பறவையா, கட்டடமா, மனிதர் முகமா, ஆலையா என்று தெளியாமற் கருவி வாங்குதல், நோயறியாமல் மருந்து வாங்குதல் போலாம்.

இரண்டாவது, காமிராவினும் லென்ஸுக்கே மிகுதியான பொருளை ஒதுக்குக. காமிராவின் உடல் சில ஆண்டுகளிற் பழமையடையும். நல்ல லென்ஸ் பல்லாண்டு உழைக்கும். கண்ணாடி பொருந்திய டி.எஸ்.எல்.ஆர். காமிராக்கள், கண்ணாடியில்லாத மிர்ரர்லெஸ் காமிராக்களுக்கு இடங்கொடுத்து விலகி வருகின்றன. ஆதலின் முன்னவற்றைப் பிறர் பயன்படுத்திய நிலையிற் குறைந்த விலைக்கு வாங்கலாம். அங்ஙனம் வாங்குங்கால் ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்பதைக் கேட்டறிக. லென்ஸை விளக்கொளிக்கு எதிரே பிடித்து, உள்ளே சிலந்திவலை போன்ற பூஞ்சை படர்ந்துள்ளதா என்று நோக்குக.

மூன்றாவது, டிரைபாட் என்னும் முக்காலி. அந்தியிற் கல்லறைச் சிற்பத்தையோ ஆலைவிளக்குகளையோ எடுப்பார்க்கு, விலை மிக்க லென்ஸினும் உறுதியான முக்காலியே உதவும்.

நான்காவது, பாதுகாப்பு. பழவேற்காட்டின் காற்று உப்பும் ஈரமும் கலந்தது. உப்பு திருகாணிகளை அரிக்கும். ஈரம் பூஞ்சையை வளர்க்கும். திரும்பியவுடன் மெல்லிய துணியாற் கருவியைத் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இட்ட காற்றுப்புகாத பெட்டியில் வைத்தல் வேண்டும். நீர்ப்பரப்பில் மணற்காற்று வீசுங்கால் லென்ஸை மாற்றுதல் கூடாது.

எடுக்கும்பொழுது

ஒளியின் அளவை மூன்று கூறுகள் ஆளுகின்றன: துவாரம், ஷட்டர் திறந்திருக்கும் நேரம், ஐ.எஸ்.ஓ. என்னும் பெருக்கம். பறக்கும் பறவைக்கு நொடியில் 1000 இல் ஒரு பங்கினும் குறைந்த நேரம் வேண்டும். நிற்கும் கோட்டைச் சுவருக்கு முக்காலியின்மேல் ஒரு நொடியும் பொருந்தும்.

தொடக்க நிலையினர் பெரிதும் இடறுமிடம் மிகுவெளிச்சம். சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் ஓரளவே ஒளியைக் கொள்ளும். அதற்குமேல் வந்தது வழிந்துபோம். வெண்கொக்கின் முதுகும், உலைவாயின் தீயும் இவ்வாறு வழிந்து வெறும் வெள்ளையானால், பின்னர் எக்கணிப்பொறியும் அங்கிருந்த இறகையோ சுடரையோ மீட்டுத் தராது. நிழல் ஓரளவு கறுத்தாலும் அதனுட் செய்தி எஞ்சியிருக்கும். காமிராவின் திரையில் ஹிஸ்டோகிராம் என்னும் வரைபடம் உண்டு. அதன் இடப்புறம் இருளையும் வலப்புறம் வெளிச்சத்தையும் காட்டும். மலை போன்ற அவ்வடிவம் வலச்சுவரில் மோதாதவாறு ஒளியைக் குறைத்து எடுத்தல் முறை. வரவு நேராகுமிடம் இதுவே.

படம் எண்ணாதல்

இனித் திருத்தத்திற்கு வருவோம். டிஜிட்டல் படம் என்பது எண்களின் அடுக்கு. 1957 இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பார் தம் குழந்தையின் படத்தை 176க்கு 176 புள்ளிகளாக்கிக் கணிப்பொறியில் ஏற்றினார். 1975 இல் கோடாக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் அமைத்த டிஜிட்டல் காமிரா 10,000 புள்ளிகளே உடையது. ஒரு படத்தை நாடாவிற் பதிக்க 23 நொடி கொண்டது. அதே நிறுவனத்துப் பிரைஸ் பேயர் வகுத்த வண்ணச் சல்லடையே இன்றும் பெரும்பாலான காமிராக்களில் உளது. அதன்படி சென்சாரின் புள்ளிகளிற் பாதி பச்சையையும், காற்பங்கு சிவப்பையும், காற்பங்கு நீலத்தையும் மட்டுமே அளக்கும். எஞ்சிய நிறங்களை அண்டைப் புள்ளிகளைக் கொண்டு கருவி உய்த்துணர்ந்து நிரப்பும்.

இதனால் அறியப்படுவது யாது? "யான் படத்தைத் திருத்துவதே இல்லை" என்று பெருமை பேசுவோரும் திருத்தப்பட்ட படத்தையே காட்டுகின்றனர். அவர்க்காகக் காமிராவே திருத்திவிடுகின்றது. ஆதலின், திருத்தலாமா என்பதன்று வினா. எதனை, எவ்வளவு, எதன்பொருட்டு என்பதே வினா.

காமிராவை ரா என்னும் மூலக்கோப்பாகப் பதியுமாறு அமைத்தல் வேண்டும். ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்திற்கும் 256 படிகளே உள. 14 பிட் மூலக்கோப்பில் 16,384 படிகள் உள. நிழலில் மறைந்த செய்தியை வெளிக்கொணரும்பொழுது இவ்வேறுபாடு புலனாகும்.

திருத்துதற்குரிய மென்பொருள்களுள் 1990 இல் வெளிவந்த போட்டோஷாப் பெயர்பெற்றது. ஆயினும் கட்டணமின்றிக் கிடைக்கும் டார்க்டேபிளும், ராதெரப்பியும், 1996 முதல் வழங்கும் கிம்ப்பும் மாணாக்கர்க்குப் போதியவை. முன்னிரண்டும் மூலக்கோப்பைத் தொடுவதில்லை. செய்த திருத்தங்களைத் தனிக் குறிப்பாக மட்டும் எழுதிவைத்துக்கொள்ளும். வேண்டும்பொழுது முதல்நிலைக்கு மீளலாம்.

திருத்தத்தின் ஒழுங்கு பின்வருமாறு அமைதல் நலம்: முதலில் மூலக்கோப்புகளை இரண்டு இடங்களிற் படியெடுத்தல், பின்னர் ஏரியின் தொடுவானம் சாயாதவாறு நேராக்கி, வேண்டாத ஓரங்களை வெட்டுதல், அடுத்து வெண்மைச் சமநிலை, அதன்பின் மொத்த வெளிச்சம், பின் மிகுவெளிச்சத்தைத் தாழ்த்தி நிழலை உயர்த்துதல், பின் நிறம், பின் பொரிப்புள்ளிகளைக் குறைத்தல், ஈற்றில், அச்சுக்கோ திரைக்கோ ஏற்ற அளவுக்குச் சுருக்கியபின் கூர்மையாக்குதல். கூர்மையை முதலிலேயே ஏற்றினாற் பொரிப்புள்ளிகளும் உடன் கூர்மையடையும்.

வெண்மைச் சமநிலையைப்பற்றி ஒரு சொல். சோடியம் விளக்கு எரியும் தெருவில் வெள்ளைச் சட்டையும் மஞ்சளாய்ப் பதியும். சாம்பல் நிற அட்டை ஒன்றை அவ்வொளியிலேயே ஒருமுறை எடுத்துவைத்தால், பின்னர் அதனைக் கொண்டு நிறத்தை நேர்செய்யலாம். அட்டையின்றிக் கண்ணின் விருப்பப்படி நிறத்தை மாற்றுவோர் தம்மை அறியாமலே பொய் கூறுவோராவர். அஃது எங்ஙனம் என்பதை இனிக் காண்போம்.

திருத்தத்தின் வரம்பு

கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் ஒரு புகைபோக்கியைப் படமெடுத்ததாகக் கொள்வோம். பனிமூட்டம் நீக்கும் டீஹேஸ் என்னும் கருவியை ஒருபுறம் நகர்த்தினாற் புகை கறுத்துத் திரளும். மறுபுறம் நகர்த்தினால் மெலிந்து மறையும். வெண்மைச் சமநிலையைச் சிறிது மாற்றினால் தெளிந்த வாய்க்கால் நீர் செந்நிறங்கொள்ளும். கலங்கிய நீர் நீலங்கொள்ளும். விரலின் ஓரசைவில் ஓர் ஆலையைக் குற்றவாளியாக்கலாம். குற்றமுள்ள ஆலையை மாசற்றதாக்கலாம். இரண்டும் தீமையே. முன்னதால் நேர்மையாகத் தொழில் நடத்துவோரும் அங்குக் கூலி பெறுவோரும் இடருறுவர். பின்னதால் அப்புகையை உண்டு வாழும் சிற்றூரார் இடருறுவர்.

இது வெறுங் கற்பனையன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியினின்றும் எண்ணெய் கலந்து, கொசஸ்தலையாறு கடலோடு கூடும் எண்ணூர்க் கழிமுகத்திற் பரவியது. எண்ணெய் படிந்த கூழைக்கடாக்களின் படங்களும், கறுத்த படகுகளின் படங்களும் நாளிதழ்களில் வெளிவந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. பூண்டியினின்றும் எண்ணூருக்கு ஓடுவது இவ்வாறே. அதன் கரையிற் பொழுதுபோக்காக எடுத்த ஒரு படமும் ஒருநாட் சான்றாகக்கூடும் என்பதை மாணாக்கர் உணர்தல் வேண்டும்.

சான்றாகும் படத்திற்குச் சட்டமும் விதி வகுத்துளது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியம், மின்னணுப் பதிவைச் சான்றாக ஏற்பதற்கு அதனுடன் சான்றிதழ் வேண்டும் என்கிறது. அச்சான்றிதழிற் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் குறித்தல் வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் எண்கள் அனைத்தையும் கணக்கிட்டுப் பெறும் கைரேகை போன்ற ஒரு குறி. ஒரு புள்ளி மாறினும் இக்குறி முற்றும் மாறிவிடும். உலகப் பத்திரிகைப் படப்போட்டியிலும் இறுதிச்சுற்றுக்கு வந்தோரின் மூலக்கோப்புகளைக் கேட்டு ஒப்பிட்டே பரிசளிக்கின்றனர்.

இதனாற் படங்களை இருவகையாகப் பிரித்து வைத்தல் இன்றியமையாதது. கலைக்காக எடுத்த படத்தில் டிரைப் மேகம் வரைந்தது போல் நாமும் வரையலாம். வரைந்ததென்று கூறுதலே கடமை. சான்றுக்காக எடுத்த படத்தில், முழுச்சட்டத்திற்கும் பொதுவான வெளிச்சத்தையும், அட்டையால் அளந்த நிறத்தையும் நேர்செய்தலோடு நிற்க. ஒரு பொருளைச் சேர்த்தலும் நீக்கலும் கூடா. செயற்கை நுண்ணறிவின் துணையால் இல்லாத பறவையையும் படகையும் நொடியில் வரவழைக்கும் கருவிகள் பெருகிய இந்நாளில், மூலக்கோப்பைக் காத்து வைத்திருப்பவனின் சொல்லுக்கே மதிப்பு உண்டு.

இவ்வறத்தில் மனிதரும் அடங்குவர். வலை உலர்த்தும் மீனவரையோ, உலைமுன் வியர்த்து நிற்கும் தொழிலாளரையோ அவர் இசைவின்றி எடுத்தல் முறையன்று. ஆலைக்குள்ளும் துறைமுகத்தருகும் உரியோர் அனுமதியின்றிக் காமிராவைத் திறத்தல் ஆகாது. பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் இடையேயுள்ள ஸ்ரீஹரிக்கோட்டா விண்வெளி மையமும் அத்தகைய காவலுடைய இடமே.

பயிற்சி

கற்றதை உறுதிசெய்ய நான்கு பயிற்சிகள் கூறி முடிப்போம்.

ஒன்று: ஒரே குவியத் தூரத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருநாள் முழுதும் ஓரிடத்தில் 36 படங்களுக்கு மேற்படாமல் எடுக்க. பிலிம் சுருளுக்கு இருந்த அவ்வரம்பு பொறுமையைக் கற்பிக்கும்.

இரண்டு: ஒரே கல்லறைச் சிற்பத்தைக் காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று பொழுதிலும் எடுத்து, ஒளியின் சாய்வு செதுக்கலை எங்ஙனம் காட்டுகின்றது என்று ஒப்பிடுக.

மூன்று: ஒரே மூலக்கோப்பை மூன்று நண்பர் தனித்தனியே திருத்தி, பின்னர் ஒன்றுகூடி, அவ்விடத்தை நேரிற் கண்ட ஒருவரைக் கொண்டு எது மெய்க்கு அணித்து என்று தீர்ப்புப் பெறுக.

நான்கு: ஒவ்வொரு படத்திற்கும் இடம், நாள், நேரம், செய்த திருத்தம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுக. அக்குறிப்பே பிற்காலத்திற் படத்தினும் விலைமதிப்புடையதாகலாம்.

டிரைப் எடுத்த கல்வெட்டுப் படங்களை 160 ஆண்டுகளுக்குப் பின்னும் அறிஞர் நோக்குகின்றனர். நம் மாவட்டத்தின் ஏரிகளும் ஆலைகளும் சிற்றூர்களும் விரைந்து மாறி வருகின்றன. இன்று நாம் எடுக்கும் படங்களே நாளை வருவோர்க்கு, இங்கு நீர் எந்நிறத்ததாயிருந்தது, புகை எவ்வளவு எழுந்தது, பறவை எத்துணை வந்தன என்று கூறவல்லன. ஆதலின் மாணாக்கர் கருவியின் விலையைப் பெரிதென எண்ணாது, அது சேர்த்த ஒளிக்கு நேர்மையான கணக்குக் காட்டும் பழக்கத்தையே பெரிதாகக் கொள்வாராக.